போன மாதத்து வரலாறு

காலை எட்டரை மணிக்குச் சுத்தியலைத் தோளில் சாய்த்துக்கொண்டு லைனுக்கு வந்த கீமேன் அக்காவுக்கு முதலில் மூக்குதான் விழித்துக்கொண்டது. மேலே பெயிண்ட் வாடை. அதற்குக் கீழே பிளீச்சிங் பவுடர். அதற்கும் கீழே, நீங்கள் எத்தனை கோட்டிங் அடித்தாலும் நான் இந்தச் சுவரை விட்டுப் போகமாட்டேன் என்று சட்டமாய்க் குடியிருக்கும் மூத்திர வாடை.

கீமேன் என்பது ரயில்வேயில் ஒரு வேலை. 'பீட்' என்று தன் பங்குக்கு விட்டிருக்கும் ஆறு கிலோமீட்டர் தண்டவாளத்தைத் தினமும் நடந்து பார்த்து, கழன்ற கிளிப்பை அடித்து, தளர்ந்த போல்ட்டை முறுக்கி, சந்தேகம் வந்தால் சிவப்புக் கொடி காட்டி வண்டியை நிறுத்த வேண்டும். அந்த வேலைக்கு இவள் வந்து பதினோரு வருஷமாகிறது. பதிவேட்டில் இன்னும் 'மேன்'தான். ஊர் ஒரு 'அக்கா'வைச் சேர்த்து, ஆணும் பெண்ணுமாய் ஒரு பெயரை உண்டாக்கிக்கொண்டது.

மூன்று நாள் அவள் லைனில் இல்லை. "நீ ரொம்ப உழைக்கிறேம்மா, கொஞ்சம் ஓய்வெடு" என்று லைன் இன்ஜினியர் தானாகவே லீவு கொடுத்திருந்தார். பதினோரு வருஷத்தில் கேட்ட லீவே கிடைத்ததில்லை, கேட்காத லீவு வந்தபோதே அவளுக்குச் சந்தேகம்தான். ஆனாலும் முட்டிவலி. எடுத்துக்கொண்டாள்.

அரைகுறையாக விட்டுப்போன ரயில் இப்போது சுவரில் முழுசாய் நிற்கிறது.

தெருவுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே இருநூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு மதில். அதன் இரண்டு பக்கமும் ஒரு கரி என்ஜின், ஆறு பெட்டி, மூன்று ஆள் உயரத்துக்குப் புகை. சக்கரத்துக்குக் கீழே கொத்துக் கொத்தாய் வெண்மேகம். ரயில் எதற்கு மேகத்தில் ஓடுகிறது என்று கேட்டவர்களுக்கு, "அதுதான் காலத்தின் மூட்டம்" என்று விளக்கம் சொல்லப்பட்டது. சுவரின் இடுப்புக்குக் கீழே எந்தப் பெயிண்டும் ஒட்டவில்லை, ஊறிப்போன கறை மேலே வந்துகொண்டே இருந்தது, அதை மறைக்க மேகத்தை விட்டால் வேறு வழியில்லை. இதை அவளுக்குச் சொன்னது அவள் வீட்டுக்காரர். மேகம் முழுக்க அவர் கைவேலை.

இந்தக் கூத்தெல்லாம் ஊரின் பாரம்பரியக் குழுவுடையது. தலைவர் டைல்ஸ் கடைக்காரர். நாற்பது வருஷமாக இந்த லைனுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தும் அவர் ஒரு தடவைகூட ரயில் ஏறியதில்லை, கார்தான். போன வருஷம் வெளிநாடு போய்வந்தார். அங்கே பழைய தண்டவாளத்தை ஒட்டிப் படம் வரைந்து வைத்திருந்தார்களாம், ஜனங்கள் அதைப் பார்த்துக் கண் கலங்கினார்களாம். திரும்பி வந்ததும் நமக்கு மட்டும் ஏன் கண் கலங்கக்கூடாது என்று குழு அமைத்துவிட்டார். 'நேற்றையும் இன்றையும் இணைக்கும் இருப்புப்பாதை' என்று பேனர் கட்டினார்கள். செத்துப்போன லைனுக்கு நாங்கள் உயிர் கொடுக்கிறோம் என்று பேட்டி கொடுத்தார்கள். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட லைனில் வாரம் தவறாமல் செவ்வாய்க்கிழமை நாற்பது வேகன் சிமெண்ட் போகும். அது போகும்போது தலைவர் கடையில் அடுக்கிவைத்த டைல்ஸ் கிடுகிடுவென்று ஆடும். பிணம் இப்படி ஆட்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

படத்தில் இருந்த ஜன்னல்கள்தான் ஊரைப் பிரித்து மேய்ந்தன. மொத்தம் நாற்பத்திரண்டு ஜன்னல். ஒவ்வொன்றிலும் ஒரு முகம். 'நூறு வருஷத்துக்கு முந்தைய பயணிகள்' என்று சொல்லிக்கொண்டு, முகமெல்லாம் குழுவுக்காரர்கள், குழுவுக்காரர்களின் மனைவிமார், மைத்துனர்கள். முதல் வகுப்பு ஜன்னலுக்கு நடந்த சிபாரிசு, தள்ளுமுள்ளு எல்லாம் உண்மையான ரயிலில் கோடை விடுமுறைக்குக்கூட நடந்ததில்லை. தலைவர் என்ஜின் டிரைவர். டை கட்டிய டிரைவர். லைன் இன்ஜினியருக்குக் கடைசிப் பெட்டியில் கார்டு வேஷம், கையில் பச்சைக் கொடி. நிஜத்தில் அவருக்கு முன்வழுக்கை. சுவரில் சுருள்முடி.

வரைந்தவர் பெரிய ஓவியர். எங்கிருந்தோ வரவழைக்கப்பட்டவர். காலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சுவரை முறைப்பார். மாலையில் எழுந்து "இன்னும் மௌனம் போதவில்லை" என்று சொல்லிவிட்டுப் போவார். ஏறி நின்று அடித்ததெல்லாம் உள்ளூர் பெயிண்டர்கள் நாலு பேர். அதில் ஒருவர் கீமேன் அக்காவின் வீட்டுக்காரர், எல்லாரும் அவரைக் கூப்பிடுவது 'பிரஷ்'. கடை போர்டும் லாரி நம்பரும் எழுதிக்கொண்டிருந்த மனிதர். ஓவியர் தம் கையால் போட்டது ஒன்றே ஒன்று, கையெழுத்து. அது மட்டும் ஆறடி.

"அதுக்குக் கீழ பொடியா என் பேரை எழுதிக்கட்டுமான்னு கேட்டேன்" என்று பிரஷ் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். "சுவர் கனம் தாங்காதுன்னுட்டாரு."

இதையெல்லாம் அக்கா சகித்துக்கொண்டாள். சுவர் சுவரோடு போகட்டும், அது அவள் பீட்டில் சேர்த்தி இல்லை. இன்று காலை குனிந்து பார்த்தபோதுதான் பொறுமை போனது. தண்டவாளத்துக்கும் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

சுவரிலிருந்து வண்ணம் வழிந்து, ஜல்லிமேல் இறங்கி, தண்டவாளத்தில் ஏறி ஓடுவதுபோல் இருநூறு மீட்டருக்கு ஊதா, மஞ்சள், ரோஸ் பட்டை. இரண்டு பக்கமும். கிளிப்புகளுக்குத் தங்கக் கலர்.

அவள் நடக்கவில்லை, ஓடினாள். காரணம் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் சோதனை வண்டி வந்து தண்டவாளத்துக்குள் ஒலி அனுப்பிப் பார்த்தபோது ஓரிடத்தில் உள்விரிசல் இருப்பதாகச் சொல்லி, அந்த இடத்தில் இரண்டு பக்கமும் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். தண்டவாளத்தை மாற்ற வேண்டும். புதுத் தண்டவாளம் வரும், வந்துகொண்டிருக்கிறது, கிளம்பிவிட்டது என்று எட்டு மாதமாகப் பதில். அதுவரைக்கும் எலும்பு முறிந்த காலுக்குப் பலகை வைத்துக் கட்டுவதுபோல, விரிசலின் இரண்டு பக்கமும் முழநீள இரும்பு பிளேட் வைத்து நாலு கிளாம்பால் இறுக்கியிருந்தது. பழைய பிளேட் நெளிந்துவிட்டதென்று போன மாதம்தான் அவள் வேறு ஜோடி மாற்றினாள்.

குறியைக் காணோம். ஊதா ஓடிக்கொண்டிருந்தது. கம்பத்திலிருந்து ஸ்லீப்பர் கட்டைகளை எண்ணிக்கொண்டே வந்தாள். பதினாலாவது கட்டைக்கும் பதினைந்தாவதுக்கும் நடுவில் நின்றாள். பிளேட்டும் இல்லை. கிளாம்பும் இல்லை. கட்டு அவிழ்த்த கால்போல் தண்டவாளம் வழவழவென்று ரோஸ் கலரில் கிடந்தது. சுத்தியலால் தட்டினாள். 'ணங்' என்று வரவேண்டிய இடத்தில் மரத்தைத் தட்டியதுபோல் 'தொப்' என்றது.

பத்து மணிக்கு விழா வண்டி. ஜங்ஷனிலிருந்து ஒரு என்ஜினும் இரண்டு பழைய பெட்டிகளுமாய், குழுவையும் பிரமுகர்களையும் ஏற்றிக்கொண்டு இந்த வழியாக வந்து மேடைக்கு எதிரே நிற்கப்போகிறது. அழைப்பிதழில் அச்சடித்திருந்தார்கள்.

பிரஷ் மதிலோரம் ஏணிமேல் நின்று கடைசிப் புகைச்சுருளுக்கு ஓரம் தீட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இறங்குங்க."

"இரு, காஞ்சிடும்."

"பதினாலாம் கட்டைப் பக்கம் ரெண்டு பிளேட் மாட்டியிருந்தேன். எங்க?"

ஏணி லேசாக ஆடியது. "அதுவா… அது பட்டையை நடுவுல வெட்டுதாம். ஓட்டம் தடைபடுதுன்னு ஓவியர் சொன்னாரு. வண்ணம் ஆறு மாதிரி போகணுமாம், ஆத்துல கல்லு கிடக்கக்கூடாதாம்."

"யாரு கழட்டினது?"

அவர் பிரஷ்ஷைத் தண்ணீரில் கழுவினார். கழுவத் தேவையே இல்லாத பிரஷ்.

"ஸ்பேனர் ஏது?"

"வீட்ல உன் பையில இருந்துச்சு."

பதினாலு வருஷத் தாம்பத்தியத்தில் 'ஏங்க' தவிர வேறெதுவும் சொல்லாத வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதல்முறையாக அது வந்தது.

"யோவ்! உனக்கு அறிவிருக்கா? அந்தச் சிவப்புக் குறி எதுக்குன்னு தெரியுமா தெரியாதா?"

"நல்லதுக்குப் போட்டிருந்தா பச்சையில போட்டிருப்பாங்க. தப்புன்னு அடிச்சிருக்காங்க, வேண்டாத இடம்போலன்னு நினைச்சேன். இன்ஜினியரே நின்னு பார்த்தாரும்மா. 'விழா வரைக்கும்தானே, பார்த்துப் பண்ணுங்க'ன்னாரு. அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது?"

"அதுக்குத்தான் எனக்கு லீவா!" என்றாள். "பிளேட்டு எங்க? கிளாம்பு எங்க? இப்ப மாட்டினாக்கூட அரைமணியில முடிச்சிடுவேன்."

பிரஷ் கையை நீட்டி மேடைப்பக்கம் இருந்த பந்தலைக் காட்டினார். "பிளேட்டை வரலாறு சார் கேட்டாரு, குடுத்துட்டேன். கிளாம்பு…"

"கிளாம்பு?"

"நாலையும் சேர்த்துப் பூ மாதிரி வெல்டு வெச்சுட்டாரு ஓவியர்."

பந்தல் வாசலில் அந்தப் பூ நின்றது. நாலு இதழ், நடுவில் ஒரு பேரிங். 'உழைப்பின் மலர்ச்சி' என்று அட்டை. அக்கா அதைத் தொட்டுப் பார்த்தாள். வெல்டிங் நன்றாகவே பிடித்திருந்தது. அந்த ஊரில் உருப்படியாக நடந்த ஒரே வேலை அதுவாகத்தான் இருக்கும்.

உள்ளே கண்ணாடிப் பெட்டிகளை வரிசையாக வைத்து, துணியால் துடைத்துக்கொண்டிருந்தார் குழுவின் வரலாற்று ஆய்வாளர். ஊருக்கு அவர் 'வரலாறு'. ஒன்பது புத்தகம் எழுதியவர். எழுதியவரும் படித்தவரும் அவர் ஒருவரே. நடுப்பெட்டியில் வெல்வெட் விரித்து அவள் பிளேட் இரண்டும் படுத்திருந்தன. கீழே அச்சடித்த குறிப்பு: 'இரும்புத் தகடு இணை. பாதை அமைத்த முன்னோரின் கைவண்ணம். காலம், ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்.'

"சார், இது என்னுது. போன மாசம் நான் மாட்டினது. குடுங்க, அவசரம்."

வரலாறு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சிரித்தார். குழந்தை நிலாவைக் கேட்டதுபோல் ஒரு சிரிப்பு. "போன மாசமா? துருவைப் பாரும்மா. துருவுக்கு வயசு உண்டு."

"மழையில நனைஞ்சா ஒரு வாரத்துல அந்த வயசு வந்துடும் சார். உள்பக்கம் திருப்பிப் பாருங்க. மஞ்சள் பெயிண்ட்ல இருபத்தேழுன்னு இருக்கும். மாட்டின தேதி. நான் எழுதினது."

அவர் முகத்தில் இரத்தம் வற்றியது. ஆனால் ஒரு நொடிதான். "இருபத்தேழு என்பது இரும்பு வார்த்த பட்டறையின் எண். அதை வெச்சு பதினெட்டுப் பக்கம் கட்டுரை எழுதியிருக்கேன். விழா மலருக்குப் போய் அச்சாயிடுச்சு."

"சார், அங்க தண்டவாளம் விரிஞ்சிருக்கு. வண்டி வரப்போகுது."

"அச்சாயிடுச்சும்மா" என்றார் வரலாறு, அவள்தான் அவசரம் புரியாதவள் என்பதுபோல. "அதோட பெட்டிச் சாவி தலைவர்கிட்ட. தலைவர் வண்டியில வர்றார்."

பெட்டியை உடைத்திருப்பாள். சுத்தியல் கையிலேயே இருந்தது. ஆனால் கிளாம்பு இல்லாமல் பிளேட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேறு கிளாம்பு ஸ்டோரில் இருக்கிறது. ஸ்டோர் சாவி இன்ஜினியரிடம். இன்ஜினியரும் அந்த வண்டியில்.

ஜங்ஷன் ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். எடுத்தது போர்ட்டர். பின்னால் பேண்டு வாத்தியம் காதைக் கிழித்தது.

"ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிடுங்க!"

"என்னது? மாஸ்டர் போட்டோவுக்கு நிக்கிறாரு!"

"வண்டியை எடுக்கவேணாம்னு சொல்லுங்க!"

"ஆமா ஆமா, வண்டி எடுத்துட்டாங்க! ரொம்ப அழகா இருக்கு!"

அடுத்து இன்ஜினியர். மூன்றாவது தடவை எடுத்தார். அவள் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். பின்னால் சக்கரச் சத்தம் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் போலும்.

"இத பாரும்மா. சிமெண்ட் வண்டியே போகுது. இது ரெண்டே பெட்டி. கம்முனு இரு. விழா முடிஞ்சதும் நாமளே மாட்டிக்கலாம்."

"சிமெண்ட் வண்டி போனப்ப பிளேட் இருந்துச்சு சார்."

"சரி, கொடி காட்டி நிறுத்துறே. அப்புறம் விசாரணை வரும். யார் கழட்டினதுன்னு கேட்பாங்க. தண்டவாளத்துல கை வெச்சா என்ன தண்டனைன்னு உனக்கு நான் சொல்லணுமா? உன் வீட்டுக்காரர் உள்ள போவாரு. ஸ்பேனர் கொடுத்த குத்தத்துக்கு உனக்கு வேலை போகும். யோசிச்சுக்க."

போனை வைத்துவிட்டார். பக்கத்தில் நின்ற பிரஷ்ஷுக்கு எல்லாம் கேட்டிருந்தது. அவர் முகம் சுண்ணாம்படித்த சுவராகிவிட்டது.

"அவர் சொல்றதும் சரிதான். மெதுவாத்தானே வருவாங்க? எட்டு மாசம் தாங்கினது இன்னும் ஒருமணிநேரம் தாங்காதா? சாயங்காலம் நானே உனக்குக் கூட நின்னு மாட்டித்தர்றேன்."

"தாங்கலைன்னா?"

"எனக்கு ஜெயிலும்மா. உனக்குப் புரியுதா?" அவர் கையை விரித்தார். கையில் ஊதா காய்ந்திருந்தது.

அவளுக்குப் புரியாமல் இல்லை. வண்டியில் வருகிறவர்களை ஒருதடவை மனதில் வரிசையாக நிறுத்திப் பார்த்தாள். தலைவர், மைத்துனர்கள், சுருள்முடி இன்ஜினியர், மௌன ஓவியர். இந்த மொத்தப் பேரும் ஜல்லியில் கவிழ்ந்து கிடந்தால் ஊருக்கு என்ன குறைந்துவிடும் என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை. ஆனால் வரவேற்புப் பாட்டுப் பாட இரண்டாவது பெட்டியில் ஸ்கூல் பிள்ளைகள் நாற்பது பேர் ஏறியிருந்தார்கள். என்ஜினில் டை கட்டாத ஒரு நிஜ டிரைவரும் இருந்தார்.

"நீங்க வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து சிவப்புக் கொடியை உருவினாள்.

அறுநூறு மீட்டர் முன்னால் போய்த் தண்டவாளத்து நடுவில் ஒரு கொடியை நட்டாள். இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வளைவு வரை நடந்தாள். முட்டி விண்விண் என்றது. கொஞ்ச நேரத்தில் தண்டவாளம் காலடியில் பேச ஆரம்பித்தது. வளைவில் வண்டி தலைகாட்டியதும் கொடியைத் தலைக்கு மேலே தூக்கி வீசினாள். மெதுவாக வருவார்களாம்! போட்டோவில் புகை பின்னால் நீளமாய்ப் பறக்கவேண்டுமென்று தலைவர் சொல்லியிருந்ததால் டிரைவரை விரட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பிரேக் அலறியது. நட்ட கொடியைத் தாண்டி இரண்டு கம்பம் தள்ளி வண்டி நின்றது.

அவள் பின்னாலேயே வந்து சேர்ந்தபோது ஜன்னல்களிலிருந்து முதலில் வந்தது கைதட்டல்.

"அற்புதம்! அந்தக் காலத்துல இப்படித்தான் நிறுத்துவாங்களாம்!" என்றது ஒரு குரல். "யாரு இந்த ஏற்பாடு? நிகழ்ச்சி நிரல்லயே இல்லையே!" என்று இன்னொன்று. நாலைந்து பேர் குதித்து இறங்கி அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "கொடியை இன்னும் கொஞ்சம் மேல தூக்கும்மா, சிரிக்காத, சிரிக்காத" என்றார் போட்டோக்காரர். அவள் சிரிக்கவே இல்லை.

டிரைவர் மட்டும் படம் எடுக்க வரவில்லை. இறங்கி நேரே அவளிடம் வந்தார்.

"என்னக்கா?"

"பதினாலாம் கட்டை. உள்விரிசல். பிளேட்டைக் கழட்டிட்டாங்க."

அவர் அவளோடு நடந்து போய்க் குனிந்து பார்த்தார். நகத்தால் ரோஸ் பெயிண்டைச் சுரண்டினார். முடி மாதிரி ஒரு கோடு. நிமிர்ந்து திரும்பி வந்து தலைவரிடம் சொன்னார்: "வண்டி இதுக்கு மேல போகாதுங்க."

"போகாதுன்னா? மேடை அங்க இருக்கு."

"நடந்து போங்க."

"யோவ், மந்திரி ஆபீஸ்ல இருந்தெல்லாம் வந்திருக்காங்கய்யா!"

"அவங்களுக்கும் கால் இருக்குமுல்ல."

தலைவர் தலைவரானது சும்மா இல்லை. சுவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு மைக்கை வாங்கி, "நமக்காகத் தினமும் இந்தப் பாதையில் நடக்கும் உழைப்பாளிகளின் அடிச்சுவட்டில், இதோ, நாமும் நடப்போம்!" என்று அறிவித்தார். திரும்பவும் கைதட்டல். திட்டமிட்டபடி நடப்பதாகவே எல்லாரும் நம்பினார்கள். நடந்தார்கள். தண்டவாளத்துக்கும் மதிலுக்கும் நடுவே ஓராள் போகும் ஒற்றையடிப் பாதைதான் இருந்தது. நாற்பது வருஷமாக ஊர் ஆண்கள் வந்து நின்றுவிட்டுப் போகும் பாதை. மேலே தூவிய பிளீச்சிங் பவுடர் காய்ந்த பொருக்காக இருந்தது, மிதித்தால் உள்ளே சதசத என்றது. பட்டுக்கரையும் பாலிஷ் போட்ட ஷூவும் அதில் புதைந்து புதைந்து எழுந்தன. தங்கள் முகம் இருக்கும் ஜன்னலைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு அதற்குக் கீழே நின்று செல்பி எடுத்துக்கொண்டார்கள். தலைவரின் மனைவி மட்டும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, "இந்த நாத்தத்துக்கா என்னை வரைஞ்சு வெச்சீங்க?" என்று கணவரிடம் கேட்டது மைக்கில் விழுந்தது.

விழா நடந்தது. பேச்சுகள் நடந்தன. பிள்ளைகள் பாடினார்கள். அவர்கள் தொண்டை கிழியப் பாடியதை அக்கா லைனிலேயே நின்று கேட்டாள். பதினாலாம் கட்டையை விட்டு நகரவில்லை.

சாயங்காலம் ஸ்டேஷன் அறையில் இன்ஜினியர் ஒரு தாளையும் பேனாவையும் மேஜைமேல் தள்ளினார். சுவரோரம் பெஞ்சில் பிரஷ் உட்கார்ந்திருந்தார்.

"வண்டி நிறுத்தினதுக்கு நீதான் அறிக்கை எழுதணும். 'மர்ம நபர்கள் பிளேட்டைக் கழற்றிவிட்டனர்'னு ஒரே வரி. முடிஞ்சுது. மர்ம நபரை யாரும் தேடப்போறதில்ல."

அவள் பேனாவை எடுத்தாள்.  மர்ம நபர்கள் என்று எழுதுவது ரொம்பச் சுலபம். எழுதினால் இன்றிரவு வீட்டில் வழக்கம்போல் சாப்பிடலாம். பெயிண்டை மட்டும் சுரண்டச் சொல்வார்கள், குறி போடுவார்கள், பிளேட் மாட்டுவார்கள். புதுத் தண்டவாளம் வரும், வந்துகொண்டிருக்கிறது, கிளம்பிவிட்டது. அடுத்த வருஷம் இரண்டாம் ஆண்டு விழாவுக்கு வேறு கலர் அடிப்பார்கள். அவளுக்குக் கேட்காமலே லீவு வரும்.

எழுத ஆரம்பித்தாள். நிறுத்தாமல் எழுதினாள். இன்ஜினியர் தலைகீழாகவே படித்துக்கொண்டு வந்தார்.

"'வாய்மொழி அனுமதி'யா? நான் எப்பக் குடுத்தேன்? சுவருக்கு மட்டும்னு லெட்டரே இருக்கு."

"லெட்டரையும் எழுதியிருக்கேன் சார். நீங்க நின்னு பார்த்ததையும் எழுதியிருக்கேன். எட்டு மாசமா தண்டவாளம் கேட்டு நான் போட்ட மனு தேதியெல்லாம்கூட."

"உன் புருஷன் பேரையும் எழுதுறியேம்மா!"

"கழட்டினது அவருதானே. ஸ்பேனர் என்னுதுன்னும் எழுதியிருக்கேன்."

 கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பியபோது பெஞ்சில் பிரஷ் இல்லை.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லவே அருவருப்பாக இருக்கிறது. ஓவியர், "என் கருத்தை உதவியாளர் தவறாகப் புரிந்துகொண்டார், நான் இரும்பைத் தொடச் சொல்லவில்லை, இரும்பை உணரச் சொன்னேன்" என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குச் சுவர் பார்க்கப் போனார். இன்ஜினியரைத் தண்டிக்கும் விதமாக இதைவிடப் பெரிய ஊருக்கு மாற்றினார்கள். வரலாறு தம் கட்டுரையில் ஒரு பிழைதிருத்தத் துண்டு ஒட்டினார், அச்சகத்தின் பெயரில் இருந்த ஓர் எழுத்துப்பிழைக்காக. பிரஷ்மேல் வழக்குப் பதிவானது, அவர் ஜாமீனில் வெளியே வந்தார். அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கருவிகளைப் பாதுகாப்பாக வைக்கத் தவறியதற்காக. எட்டு மாதம் வராத தண்டவாளம் மூன்றே நாளில் வந்தது. அப்படியானால் அது எப்போதும் வந்திருக்க முடியும் என்பதுதான் மற்ற எல்லாவற்றையும்விட அவளுக்குக் கசந்தது.

மாற்றுகிற அன்று பாதை போடும் கேங் ஆட்கள் பழைய தண்டவாளத்தை அந்த இடத்திலேயே அறுத்துத் தட்டி உடைத்தார்கள். பிரஷ் அங்கே வந்தார். ஆறு நாளாக வீட்டில் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. சாப்பாட்டு டப்பாவை மறந்து வைத்துவிட்டு வந்திருந்தாள், அதைக் கொண்டுவந்திருந்தார். நீட்டவும் இல்லை, வைக்கவும் இல்லை. பிடித்துக்கொண்டே நின்றார்.

தண்டவாளத்தின் உடைந்த முகத்தைக் கேங் மேஸ்திரி துணியால் துடைத்துக் காட்டினார். பாதிக்கு மேல் கருகருவென்று, சிறுநீரகம் மாதிரி ஒரு திட்டு. ஓரத்தில் மட்டும் புதிதாய் உடைந்த இரும்பு வெள்ளியாய் மின்னியது. அதன் அகலம் கட்டைவிரல்.

பிரஷ் குனிந்து பார்த்தார். பழக்கதோஷம், கண் கலரைத்தான் பார்த்தது.

"என்னா கறுப்பு" என்றார் தன்னையறியாமல். "இந்தக் கறுப்பு எந்தக் கடையிலயும் கிடைக்காது."

"அது விரிசலு" என்றாள் அக்கா. ஆறு நாளில் முதல் பேச்சு. "உள்ளயே வருஷக்கணக்கா விட்டுப்போயி, காத்துப் பட்டுக் கறுத்திருக்கு."

"அப்ப இந்த வெள்ளி?"

"அதுதான் பிடிச்சிட்டிருந்தது."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். இது மேலதான் அந்தப் பிள்ளைங்க வந்திருக்கும்."

அவர் வெள்ளியின்மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். விரல் அதை முழுக்க மறைத்தது. விரலை எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு டப்பாவை ஜல்லிமேல் இறக்கிவிட்டு, மதில்பக்கம் நாலு எட்டு போய், முதல் வகுப்பு ஜன்னலில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, குனிந்து, வாந்தி எடுத்தார். தான் தீட்டிய மேகத்தின்மேலேயே எடுத்தார். குடல் வெளியே வந்துவிடுமோ என்கிற அளவுக்கு எடுத்தார்.

கேங் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு போனாள். வாடை அடித்தது, மூச்சை அடக்கிக்கொண்டாள். அவர் நெற்றியைப் பிடித்தாள்.

"வாயைக் கொப்பளிங்க" என்றாள். "வழக்குக்கு அடுத்த வாரம் நானும் கூட வர்றேன். கேட்டா, பண்ணேன்னு சொல்லுங்க. சுத்தி வளைக்காம சொல்லுங்க."

அவர் தலையை ஆட்டினார். கொப்பளித்தார். அவள் சுத்தியலை எடுத்துக்கொண்டாள். அன்றைய பீட்டில் இன்னும் இரண்டு கிலோமீட்டர் பாக்கி இருந்தது.